மாமரத்தில் தொங்கிய எஞ்சின்

எஞ்சின் இறக்குவது என்றுதான் எங்கள் மெக்கானிக் வேலையில் சொல்வோம். பழைய ஜீப்பில் அதை முதலில் தூக்க வேண்டும். ஆள் சாகிற இடம் அதுதான்.

மட்டக்களப்பு களுவாஞ்சிகுடிப் பக்கம் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவரிடம் 1960களின் லேண்ட் ரோவர் இருக்கிறது, சீரிஸ் டூ-ஏ. வயலுக்கு அதில்தான் போவார். ஒரு நாள் போன் எடுத்து, "தம்பி, எஞ்சினை நாங்களே தூக்கிட்டம், வந்து ஒருக்கா பாருங்க" என்றார். போனால், முற்றத்து மாமரக் கொப்பில் பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி, அதுதான் செயின் புளொக், அதில் எஞ்சின், அதற்கு நேர் கீழே அவருடைய சின்ன மகன் குந்தியிருந்து எஞ்சின் அடியிலுள்ள ஒயில் தொட்டியை, சம்பைத் துடைக்கிறான். முதலில் அவனை வெளியே இழுத்தேன்.

"இதே கொப்பில ஊஞ்சல் கட்டி மூணு பிள்ளைகள் ஆடினது" என்றார் மாஸ்டர். சரி, மூன்று பிள்ளைகள் நூறு கிலோ இருப்பார்களா? அந்த இரண்டேகால் லீற்றர் எஞ்சின் ஏறக்குறைய 200 கிலோ. அதை இறக்கிப் பழைய டயரில் வைத்தோம். மறுகா ஏணி வைத்து ஏறிக் கொப்பைச் சுத்தியலால் தட்டினேன். நடுவில் கெட்டிச் சத்தம். கவட்டருகே வெற்றுப் பெட்டியைத் தட்டியதுபோல் டொக் டொக். இலை எல்லாம் பச்சை, உள்ளே கறையான். முருங்கையில் யாரும் பாரம் கட்டுவதில்லை. மாமரத்தைத்தான் நம்பிவிடுகிறோம்.

மரத்துக்குப் பதிலாக, பாரம் தூக்கும் இரும்புக் குழாய் முக்காலியை வாடகைக்கு எடுங்கள். எங்கள் கரையோர மணலில் அதன் கால் புதையும், விரியும். ஒவ்வொரு காலுக்கும் கீழே தடித்த பலகை போட்டு, மூன்று கால்களையும் அடியில் சங்கிலியால் பிணைத்துவிடுங்கள். எஞ்சினில் இரண்டு பக்கமும் கொளுவும் சங்கிலியையும் அகல விரிக்காதீர்கள். இடைக்கோணம் 120 பாகை ஆனால், ஒவ்வொரு பக்கமும் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டி வரும். நைலோன் கயிறு பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம்.

தூக்குவதற்கு முன் கியர் பொக்ஸுக்குக் கீழே ஜக் கொடுக்க வேண்டும். அதன் முன் தண்டு கிளச் தட்டுக்குள் நுழைந்திருக்கும். அது முழுதாகக் கழன்று வரும்வரை எஞ்சினை நேரே முன்னுக்குத்தான் இழுக்க வேண்டும். அவசரப்பட்டு மேலே தூக்கினால் பாரம் முழுக்கத் தண்டில் தொங்கி, தட்டு கோணும். எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையிலுள்ள நீக்கலில் விரலை வைத்துப் பாருங்கள். மேலே விரல் போய்க் கீழே போகாவிட்டால் சங்கிலியைத் திருத்த வேண்டும். மாஸ்டர் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. தட்டு மாற்ற வேண்டியதாயிற்று.

ஹேண்ட் பிரேக்கையும் நம்பாதீர்கள். இந்த ஜீப்பில் அது சில்லைப் பிடிப்பதில்லை, கியர் பொக்ஸின் பின்பக்கத் தண்டைப் பிடிக்கிறது. பின் சில்லு ஒன்றை ஜக்கில் உயர்த்தினால் வண்டி உருளலாம். நாலு சில்லும் நிலத்தில் இருக்கட்டும், கட்டை வையுங்கள். சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். அது சொல்லாமல் நொறுங்கும்.

பற்றரியில் மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்று மூத்த மகன் படித்திருந்தார். அந்த வண்டியில் சசியோடு, அதாவது அடிச்சட்டத்தோடு, பூட்டியிருந்தது பிளஸ். அந்தக் காலத்து லேண்ட் ரோவர்கள் பல அப்படித்தான். மைனஸைக் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் உடம்பில் பட்டிருக்கிறது. ஸ்பானர் நுனியில் கருகிய தழும்பு. எது சசியில் பூட்டியிருக்கிறதோ அதுதான் முதலில். பக்கத்தில் காபுரேற்றரிலிருந்து பெற்றோல் சொட்டிக்கொண்டிருந்தது.

பழைய கிளச் தூசியை ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கடைசியில் ஒயில். ஆறு லீற்றருக்கு மேல் இறங்கியது. கிடங்கு வெட்டி ஊற்றுவோம் என்றார் மாஸ்டர். கிணறு பத்து அடி தள்ளி, தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கிறது. நான் பேசாமல் ஒயிலைக் கேனில் ஊற்றி மூடி, என் ஓட்டோவில் ஏற்றினேன்.