ரசிகர் எறிந்த பட்டாசும் கிளப்பின் தலையில் விழும் அபராதமும்

கால்பந்துக் கிளப் நிர்வாகிகள் அபராத உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வரும்போது பெரும்பாலும் ஒரே வாதத்தைத்தான் வைக்கிறார்கள்: "நுழைவாயிலில் சோதனை போட்டோம், போதிய காவலர்களை நிறுத்தினோம். எவனோ ஒருவன் பட்டாசைக் கொளுத்திப் போட்டான். நீதிமன்றத்துக்குப் போனால் இந்த அபராதம் நிலைக்குமா?" கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அபராதம் பெரும்பாலும் நிலைத்துவிடும்.

கார்ல் சைஸ் யேனா என்ற ஜெர்மன் கிளப் இந்த வாதத்தைக் கடைசிப் படிவரை கொண்டுபோய்ப் பார்த்தது. 2018இல் அதன் ரசிகர்கள் செய்த அத்துமீறல்களுக்காக ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 24,900 யூரோ அபராதம் விதித்தது. சங்கத்தின் உள் அமைப்புகளிலும், நீதிமன்றத்துக்கு வெளியே தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நடுவர் தீர்ப்பாயத்திலும் தோற்ற கிளப், ஃபிராங்க்பர்ட் உயர் நீதிமன்றத்தை நாடியது. அங்கும் தோல்வி. 2021 நவம்பர் 4 அன்று நாட்டின் உச்ச நிலை உரிமையியல் நீதிமன்றமும் கையை விரித்தது.

"குற்றம் இல்லாமல் தண்டனை இல்லை" என்பதுதான் கிளப்பின் வாதம். இது தண்டனையே அல்ல என்றது நீதிமன்றம். இனிவரும் ஆட்டங்கள் ஒழுங்காக நடக்க, தன் ரசிகர்களிடம் செல்வாக்கைச் செலுத்துமாறு கிளப்பைத் தூண்டும் ஏற்பாடு இது என்பது அதன் விளக்கம். அபராதம் கட்டுகிறவருக்கு இந்த வேறுபாடு அவ்வளவு எளிதில் விளங்காது; எனக்கும் இது முழுத் திருப்தி தரும் விளக்கம் அல்ல. ஆனால் அடிப்படைக் காரணம் வலுவானது. ரசிகர் என்பவர் கால்பந்துச் சங்கத்தின் உறுப்பினர் அல்லர், அவரைச் சங்கம் நேரடியாகத் தொட முடியாது. கிளப்பைத்தான் தொட முடியும். ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்துக்கு (யூஇஎஃப்ஏ) எதிராக நெதர்லாந்துக் கிளப்பான பிஎஸ்வி ஐந்தோவன் தொடுத்த வழக்கில், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றமும் இதையே சொன்னது.

நிர்வாகிகள் கவனிக்கத் தவறும் இடம் வேறு. நடுவர் தீர்ப்பு வந்த பிறகு நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து விசாரிப்பதில்லை. தீர்ப்பாயம் முறைப்படி அமைந்ததா, இரு தரப்புக்கும் பேச வாய்ப்புக் கிடைத்ததா, தீர்ப்பு நாட்டின் அடிப்படைச் சட்ட ஒழுங்குக்கே முரணானதா என்ற அளவில் பார்வை நின்றுவிடும். தொகை அதிகம், சாட்சியைத் தவறாக எடைபோட்டார்கள் என்ற முறையீடுகளுக்கு அங்கே இடமில்லை. லொசான் தீர்ப்பை எதிர்த்துச் சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனாலும் வாசல் இதே அளவு குறுகலானது.

ஆகவே சண்டையைச் சங்கத்துக்குள்ளேயே போட வேண்டும். அதுவும் கெடு முடிவதற்குள். தொந்தரவு செய்தவர்கள் உண்மையில் நம் ரசிகர்கள்தானா என்ற கேள்வியை அங்கே எழுப்பலாம். ஆனால் "நாங்கள் அவர்களுக்கு டிக்கெட் விற்கவில்லை" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. 2006இல் பிரான்ஸின் நான்சி நகரில் நடந்த கலவரத்துக்குப் பிறகு நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் கிளப் இப்படி வாதாடியும் யூஇஎஃப்ஏ கோப்பையிலிருந்து வெளியேற்றப்பட்டது. லொசானிலும் அந்த முடிவு மாறவில்லை. நடுநிலையாகப் பார்க்கிறவர் கண்ணுக்கு அவர்கள் யாருடைய ரசிகர்களாகத் தெரிகிறார்கள் என்பதே அளவுகோல்.

கட்டிய பணத்தை மீட்க இன்னொரு வழி இருக்கிறது: எறிந்தவரிடமே கேட்பது. 2014 பிப்ரவரியில் ஜெர்மனியின் கொலோன் கிளப்பின் ஆட்டத்தில் ஒருவர் மேல்தளத்திலிருந்து பட்டாசு எறிய, ஏழு பேர் காயமடைந்தார்கள். டிக்கெட் வாங்கியவர் ஆட்டத்தைக் குலைக்காமல் இருக்கக் கடமைப்பட்டவர் என்பதால், சங்கம் விதித்த அபராதத்தை அவரிடம் கிளப் கேட்கலாம் என்று 2016இல் அதே உச்ச நிலை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த அபராதம் பல சம்பவங்களுக்குச் சேர்த்து விதிக்கப்பட்டது. கிளப் கேட்டது 30,000 யூரோ. அந்த ஒரு சம்பவத்தின் பங்கைக் கணக்கிட்டு 2017இல் கிடைத்தது 20,340 யூரோ.

இந்த வழியில் போக, எறிந்தவர் யார் என்று தெரிந்தாக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கண்காணிப்புக் கேமராப் பதிவு தானாக அழிவதற்கு முன் அதைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எந்த இருக்கைப் பகுதி, எத்தனையாவது நிமிடம் என்று பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றிரவே எழுதி வாங்குங்கள். அபராத உத்தரவு கைக்கு வந்த பிறகு தேடினால், பதிவும் இருக்காது, பார்த்தவருக்கு நினைவும் இருக்காது.