சொல் விளக்கம்: நச்சுநிரல்

"கோப்புகளைக் கிருமிநீக்கம் செய்த பிறகே குழுவில் பகிரவும்." இணையவழி வகுப்புகளுக்கான அறிவுறுத்தல்களில் இப்படியொரு வரி அடிக்கடி தென்படுகிறது. கிருமி இல்லாத இடத்தில் 'கணினி நச்சுயிரி' இருக்கும். இரண்டும் தவறு. கணினித் துறையில் வைரஸ் என்பதற்குச் சரியான தமிழ் நச்சுநிரல்.

லத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு. உயிரியலாளர்கள் அதை நோய்பரப்பும் நுண்பொருளுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1983இல் அமெரிக்க ஆய்வு மாணவர் பிரெட் கோஹன் செய்துகாட்டிய நிரலுக்கு இந்தப் பெயரைச் சொன்னவர் அவருடைய பேராசிரியர் லென்னர்டு ஏடல்மன். பிற நிரல்களைத் திருத்தி, தன் நகலை அவற்றுக்குள் நுழைக்கும் நிரல் என்பது கோஹனின் வரையறை. தமிழில், இரும்பு 'இருப்புப்பாதை' ஆவதுபோல் நஞ்சு 'நச்சு' ஆகிறது. நிரல் என்றால் வரிசை. நிரல்நிறை அணியில் வரும் அதே நிரல். வரிசைப்பட்ட கட்டளைகள்தாமே கணினி நிரல்?

நச்சுதல் என்றால் விரும்புதல் என்றும் பொருளுண்டே என்று மறுப்பவர்கள் உண்டு. வள்ளுவர் 1008ஆம் குறளில் 'நச்சப்படாதவன்' என்றும் 'நச்சு மரம்' என்றும் இரண்டு பொருளையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். படிக்கிறவர் யாரும் குழம்புவதில்லை.

இனி கிருமி. இது வடசொல், மூலப்பொருள் புழு. கணினித் துறையில் புழு என்பதோ வேறோர் இனம். நச்சுநிரல் இன்னொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு வரும்; அந்தக் கோப்பை யாராவது இயக்கினால்தான் வேலை செய்யும். புழு தனித்தே நகரும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற புழு, யாரும் எதையும் சொடுக்காமலேயே விண்டோஸின் ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. புழுவைத் தடுக்க இயங்குதளத்தைப் புதுப்பித்திருக்க வேண்டும். நச்சுநிரலைத் தடுக்கக் கோப்பைத் திறக்கும் கை நிதானிக்க வேண்டும். மருந்தே வேறாக இருக்கும்போது, ஒன்றுக்குப் புழுவென்றும் மற்றதற்குப் புழுவின் வடமொழிப் பெயரென்றும் வைத்தால் மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

நச்சுயிரி இன்னும் மோசம். உயிரியல் பாடத்தில் அது நல்ல சொல்தான். கணினியில் உயிரி ஏது? 'உயிரி' என்றதும் தொட்டால் ஒட்டும், பக்கத்தில் இருந்தால் பரவும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதனால்தான் குழுவில் வந்த வெறும் படத்தைத் திறக்கப் பயப்படுகிறவரே 'வினாத்தாள்.பிடிஎஃப்.ஈஎக்ஸ்ஈ' என்ற கோப்பைத் தயங்காமல் சொடுக்குகிறார். படம் நிரலல்ல, அதைக் காட்டும் செயலியில் ஓட்டை இருந்தாலொழிய அதனால் கெடுதி இல்லை. ஈஎக்ஸ்ஈ என்பது நிரல். கோப்புப் பெயரின் கடைசியில் நின்று அதன் வகையைக் காட்டும் பின்னொட்டு தனக்குத் தெரிந்ததாக இருந்தால் விண்டோஸ் அதை இயல்பாகவே மறைத்துவிடுவதால் திரையில் 'வினாத்தாள்.பிடிஎஃப்' மட்டும்தான் தெரியும். 2000 மே மாதம் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' நிரலும், உரைக்கோப்புபோல் 'டிஎக்ஸ்டி' என்று காட்டி, கடைசியிலிருந்த, நிரலுக்குரிய 'விபிஎஸ்' பின்னொட்டை இப்படித்தான் ஒளித்தது. விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய்க் குறியிட்டால் முழுப்பெயரும் தெரிந்துவிடும். 'இது நிரலா, ஆவணமா?' என்று கேட்கத் தூண்டுவது நச்சுநிரல் என்ற சொல். நச்சுயிரி அந்தக் கேள்வியையே எழவிடுவதில்லை.

ஆவணத்துக்குள்ளும் நிரல் இருக்கலாம். வேர்டு, எக்செல் கோப்புகளில் வரும் மேக்ரோ அதுதான். இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது. கோப்பின் பண்புகளுக்குள் போய் 'அன்பிளாக்' கொடுத்துத் திறக்கச் சொல்லி யாராவது குறிப்பு அனுப்பினால், திறக்காமல் அவரிடமே பேசிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

'கிருமிநீக்கம்' இன்னொரு தப்பெண்ணத்தையும் வளர்க்கிறது: ஒருமுறை கழுவினால் சுத்தம் என்பது. சோதனை என்றால் தேடுவது. தேடலுக்கு எல்லை உண்டு. கூகுள் டிரைவ் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளைச் சோதிப்பதில்லை. கடவுச்சொல் போட்ட ஜிப்புக்குள் இருப்பதை எந்தச் சோதனைக் கருவியும் கடவுச்சொல் இல்லாமல் பார்க்க முடியாது. ஜிப்பைப் பிரித்த பிறகு, உள்ளிருந்து வந்த கோப்பைச் சுட்டியின் வலப் பொத்தானால் சொடுக்கி, விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரில் சோதிக்க வேண்டும். பென் டிரைவில் கோப்புறைகள் எல்லாம் திடீரெனக் குறுக்குவழிகளாக (ஷார்ட்கட்) மாறியிருந்தால் எதையும் சொடுக்காதீர்கள். உண்மையான கோப்புறைகள் பெரும்பாலும் அழியாமல் மறைந்துதான் கிடக்கும். முதலில் முழு டிரைவையும் சோதித்துவிட்டு, பிறகு மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள்.

கெடுதல் செய்யும் மென்பொருள்களின் பொதுப்பெயரான மால்வேருக்குத் 'தீம்பொருள்' என்று எழுதுகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மென்பொருளில் 'மென்' போனால் 'தீம்' என்று ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். தமிழில் தீம் என்றால் இனிமை: தீம்பால், தீங்கனி, தீந்தமிழ். தீமையைக் குறிக்கும்போது தீவினை, தீச்செயல், தீநட்பு என்றுதான் வரும். எச்சரிக்கைப் பலகையில் 'இனிய பொருள்' என்று எழுதிவைத்தால் யார் விலகிப்போவார்கள்? தீநிரல் என்றால் போதும். நச்சுநிரலும் புழுவும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பதும் அதன் வகைகளாக அடங்கிவிடும். மூலத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்ப்பவர்கள், வந்து விழுந்த சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தாலே இது நேர்ந்திருக்காது.

அறிவுறுத்தலை இப்படி எழுதலாம்: "கோப்பை நச்சுநிரல் சோதனை செய்து அனுப்பவும். வீட்டுப்பாடத்தைப் பிடிஎஃப்பாக மாற்றியே அனுப்பவும். ஈஎக்ஸ்ஈ, விபிஎஸ், மேக்ரோ உள்ள கோப்புகளை யார் அனுப்பியிருந்தாலும் திறக்க வேண்டாம்."