வாடிய செடிக்கு உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

இந்த மழைக்காலத்தில் நான் பார்த்த ஐந்தாவது கூரை அது. நான்கு மாடி அலுவலகக் கட்டடம். மொட்டை மாடியில் மண் பரப்பிச் செடி வளர்க்கும் பசுமைக் கூரை அமைத்து இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. "வெயில் தாங்காமல் எல்லாம் காய்ந்துவிட்டது சார். தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டும் பிழைக்கவில்லை" என்றார் பராமரிப்பவர். ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். தடையே இல்லாமல் கையோடு வந்தது. வேர் கறுத்திருந்தது, விரலால் நீவியதும் மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்து, நடுவில் நூல் மட்டும் மிஞ்சியது. அழுகிய முட்டை நாற்றம். மேல்மண் வெடித்துக் கிடந்தது. நான்கு விரற்கடை ஆழத்தில் சேறு.

அந்தச் செடிகள் காயவில்லை. மூழ்கிச் செத்தன.

இதை இன்னும் எத்தனை முறை சொல்ல வேண்டுமோ தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வேருக்கும் மூச்சுக்காற்று வேண்டும். மண்ணின் துளைகளில் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரே நிறைந்து நின்றால் வேர் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே காலடியில் தண்ணீர் நிற்கும்போதே இலை தொங்கும், வாடும், ஓரம் கருகும். பார்ப்பவர் கண்ணுக்கு அது தாகம் போலவே தெரியும். அவர் குழாயைத் திறப்பார். மறுநாள் இன்னும் வாடும். இன்னும் திறப்பார். நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையாலேயே ஒரு கூரை முழுவதும் அழிவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம் வருகிறது.

வேறுபாட்டைக் கண்டறிவது கடினமே இல்லை. நண்பகலில் செடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த நேரத்தில் நல்ல செடியும் துவளும். விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த செடி அப்போதும் தலை தூக்கவில்லையென்றால், விரலை மண்ணுக்குள் அடிவரை விடுங்கள். உலர்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். ஈரமாக இருந்தால் குழாயைப் பூட்டிவிட்டு வடிகாலைத் திறந்து பாருங்கள். நான் சொன்ன கட்டடத்தில் சொட்டு நீர்ப் பாசனத்தின் நேரக்கருவி, கொட்டும் மழையிலும் காலை மாலை தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் இலை நீராவியை விடுவதே குறைவு. மண்ணும் மெதுவாகத்தான் உலரும். வெயில் சுடுகிறது என்பதை மட்டும் வைத்துத் தண்ணீரின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது.

அடுத்தது மண். "நல்ல வளமான மண்ணாகப் போட்டோம், பாதிக்குப் பாதி தொழு உரம்" என்று பெருமையோடு சொல்கிறார்கள். தரையில் அது சரி. கூரையில் அதுவே வினை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் உரமும் இலைமக்கும் தென்னை நார்க்கழிவும் வேகமாக மட்கும். மட்க மட்க மண் அமிழும், துளைகள் மூடும், நுண்துகள்கள் கீழிறங்கி, மண்ணை நிறுத்தி நீரை மட்டும் விட அடியில் விரித்த வடிதுணியை அடைக்கும். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பிய அந்தக் கூரையில் நான் அளந்தபோது 9 தான் இருந்தது. குறைந்ததை ஈடுகட்ட ஆண்டுதோறும் மேலே உரத்தைக் கொட்டுவது அடைப்பை வளர்ப்பதுதான். நான் வடிவமைக்கும் கூரைகளில் கரிமப் பொருள் கொள்ளளவில் 15 சதவீதத்தைத் தாண்டாது. மீதி முழுவதும் மட்காத பொருள்: உடைத்த செங்கல், சுட்ட களிமண் உருண்டை, நுரைக்கல், கழுவிய பருமணல். பார்ப்பதற்குச் சரளைபோல இருக்கும். "இதில் எப்படிச் செடி வரும்?" என்று கேட்பார்கள். வரும். மெதுவாக வரும், நிலைத்து நிற்கும்.

எடையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தோட்டமண் 15 சென்டிமீட்டர் போட்டு அது முழுதும் நனைந்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ வரை போகும். உலர்ந்த மூட்டையின் எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வடிகால் அடைத்து 100 மில்லிமீட்டர் மழை கூரையில் தேங்கினால், அதுவே சதுர மீட்டருக்கு இன்னொரு 100 கிலோ. கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுக் கையெழுத்திட்டுத் தராமல் ஒரு கூடை மண்கூட மேலே ஏறக் கூடாது.

செடித் தேர்வில் படத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஜெர்மனியில் எஃப்எல்எல் என்ற நிலவடிவமைப்பு ஆய்வு அமைப்பு வகுத்த பசுமைக் கூரை வழிகாட்டியை உலகமெங்கும் பின்பற்றுகிறார்கள். நானும் அதில்தான் பாடம் கற்றேன். நீர்த்தடுப்பு முதல் மண் வரை ஒன்றன்மேல் ஒன்றாக வரும் அடுக்குகளின் ஒழுங்கை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே கூரைகளில் விரிந்து கிடக்கும் செடம் என்ற சதைப்பற்றுச் செடி வகைகளை அப்படியே கொண்டுவராதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை குளிர்ந்த இரவுக்குப் பழகியவை. இரவும் புழுங்கும் இடத்தில், தொடர் மழையில், அவை கூழாகிவிடும். பத்துமணிப் பூ, மருள் போன்றவை வெயிலைத் தாங்கும், வடிகால் மட்டும் சரியாக இருந்தால். தரையோடு படரும் புற்களும் உதவும். ஒரே வகையால் கூரை முழுவதையும் நிரப்பாதீர்கள். ஒரு பூஞ்சை வந்தால் எல்லாம் ஒன்றாகப் போய்விடும்.

இனி வடிகால். தளத்தில் நீர் ஓடுவதற்கான சரிவு நூற்றுக்கு ஒன்றாவது வேண்டும், முடிந்தால் இரண்டு. செடிகள் எல்லாத் தவற்றையும் சரிசெய்யும் என்று நம்பி, பள்ளமான தளத்தின் மேல் மண்ணைப் பரப்பாதீர்கள். எவ்வளவு சிறிய கூரையானாலும் இரண்டு வடிகால் வாய்கள் வேண்டும். அவை இரண்டும் அடைத்தாலும் நீர் வெளியேறக் கைப்பிடிச் சுவரில் ஒரு வழிவாய் வேண்டும். ஒவ்வொரு வாயைச் சுற்றியும், கைப்பிடிச் சுவரை ஒட்டியும் அரை மீட்டருக்குக் குறையாமல் செடியில்லாத கூழாங்கல் பட்டை விடுங்கள். தண்ணீர் ஒரு வாரம் தேங்கினாலே கொசு ஒரு தலைமுறையை முடித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீர்த்தடுப்பு முடிந்ததும், மண் போடுவதற்கு முன், வடிகாலை அடைத்துத் தளத்தில் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதியுங்கள். "நேரமில்லை" என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் வேலையை நிறுத்துங்கள். ஓதம் கண்ட பிறகு எத்தனை டன் மண்ணை வாரி இறக்க வேண்டியிருக்கும் என்று அவரிடமே கேளுங்கள். தாரைச் சேர்த்துச் செய்த படலத்தை மட்டும் நம்பாதீர்கள். வேர் அதைத் துளைக்கும். தனியாக வேர்த்தடுப்புப் படலம் வேண்டும், இணைப்புகள் வெப்பத்தால் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பறவை எச்சத்தில் வந்து முளைக்கும் ஆல், அரசக் கன்றுகளை இரண்டு இலை விட்டதுமே பிடுங்குங்கள். முழங்கால் உயரம் வந்தால் அதன் வேர் ஏற்கெனவே தளத்தின் விரிசலைத் தேடிப் போயிருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த அலுவலகக் கட்டடத்தில் வடிகால் வாய் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் தோண்டிக் கண்டுபிடித்தோம். மண்ணுக்கு அடியில், மூடியே இல்லாமல், வேர்க்கொத்து நிறைந்து கிடந்தது. வாளியளவு அழுகலை வாரி எடுத்ததும் குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் ஓசை கேட்டது. மாலை வரை இறங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வாயின் மேலும் திறந்து பார்க்கக்கூடிய பெட்டி வையுங்கள். கூரைக்குப் போக ஏணியல்ல, நிற்கத்தக்க படியும் கதவும் வையுங்கள். மழைக்கு முன் ஒரு முறை, மழை நடுவே மாதம் ஒரு முறை அந்தப் பெட்டியைத் திறப்பவர் யார் என்பதை வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.