ஒரே தொண்டையில் ஒரு குடும்பம்: சேத் மெக்ஃபார்லேனின் குரல்கள் எப்படிப் பிறக்கின்றன?

2010 மே மாதம் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபேமிலி கை' தொடரின் 150-வது பகுதி ஒளிபரப்பானது. ஒரு வங்கியின் பாதுகாப்பு அறைக்குள் பிரையன் என்ற நாயும் ஸ்டூயி என்ற குழந்தையும் மாட்டிக்கொள்கிறார்கள். பகுதி முழுக்க இந்த இருவர் மட்டும்தான். பின்னணி இசை கிடையாது. சண்டை போடுகிறார்கள், அழுகிறார்கள், மனம் விட்டுப் பேசுகிறார்கள். இரண்டு பேருக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே: தொடரை உருவாக்கிய சேத் மெக்ஃபார்லேன். இது பெரியவர்களுக்கான அனிமேஷன் நகைச்சுவை. அதன் எல்லா ஜோக்கையும் நான் ரசிப்பேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஒரே ஆள் பேசுகிறார் என்பதை மனம் ஏற்க மறுக்கும். அது எப்படிச் சாத்தியம்?

'சுருதியை ஏற்றி இறக்குகிறார், அவ்வளவுதானே' என்று பலரும் நினைப்பார்கள். சுருதிக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் அது சிறிய பங்குதான்.

நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்வளையில் உள்ள இரண்டு மடிப்புகளை அதிர வைக்கிறது. இவைதான் குரல் நாண்கள். ஆண்களுக்குப் பேசும்போது இவை நொடிக்கு 120 தடவைக்கு அருகிலும், பெண்களுக்கு 200 தடவைக்கு அருகிலும் திறந்து மூடும். அங்கே பிறக்கும் ஒலியை மட்டும் தனியாகக் கேட்க முடிந்தால் வெறும் ரீங்காரம்தான் கேட்கும். நாதஸ்வரத்தின் சீவாளியைக் கழற்றித் தனியாக ஊதினால் கீச்சென்று ஒரு சத்தம் வருமே, அதைப் போல. அந்தச் சத்தம் நாதமாவது மரக்குழாய்க்குள் போன பிறகுதான். நமக்கு அந்தக் குழாய், குரல் நாண்களிலிருந்து உதடு வரைக்கும் உள்ள பாதை. வளர்ந்த ஆணுக்கு அது சுமார் 17 சென்டிமீட்டர் நீளம். ஒலி பிறக்கும் மூலம் வேறு, அதற்கு வடிவம் கொடுக்கும் வடிகட்டியான குழாய் வேறு என்ற இந்தக் கொள்கையை 1960-இல் கணக்குகளோடு முழுமையாக விளக்கியவர் சுவீடனைச் சேர்ந்த பேச்சொலி ஆய்வாளர் குன்னர் ஃபான்ட்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரே சுருதியில் 'ஆ' என்று இழுத்துக்கொண்டே 'ஈ'க்கு மாறுங்கள். குரல் நாண்களின் வேகம் மாறவில்லை. நாக்கு மட்டும்தான் முன்னால் நகர்ந்து மேலேறியது. குழாயின் வடிவம் மாறியதும், அது எந்த அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கிறது என்பதும் மாறிவிடுகிறது. ஆண் குரலில் 'ஆ'வுக்கு, குழாய் இப்படித் தூக்கிக் கொடுக்கும் முதல் இரண்டு ஒத்ததிர்வுகள் சுமார் 700, 1,100 ஹெர்ட்ஸில் (ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு இத்தனை அதிர்வு) அமையும். 'ஈ'க்கு அவை 300, 2,300 ஹெர்ட்ஸுக்கு அருகில் போய்விடும். இவற்றுக்கு ஃபார்மண்ட் என்று பெயர். குரல்வளையை இறக்கி உதட்டைக் குவித்தால் குழாய் நீளும், எல்லா ஃபார்மண்ட்களும் தாழும். காதுக்குப் பெரிய உடம்புக்காரர் பேசுவதுபோல் இருக்கும். குரல்வளையை ஏற்றி உதட்டைப் பக்கவாட்டில் இழுத்தால் குழாய் குறுகும், ஆள் சிறுத்துவிடுவார். சுருதியைத் தொடாமலே இரண்டையும் செய்யலாம்.

மெக்ஃபார்லேனின் குரல்களுக்கு வருவோம். பிரையன் அவருடைய இயல்பான பேச்சுக் குரல். ஸ்டூயியின் குரலுக்கு முன்மாதிரி ரெக்ஸ் ஹாரிசன் என்ற பிரிட்டிஷ் நடிகர். குடும்பத் தலைவர் பீட்டருக்கு, மெக்ஃபார்லேன் படித்த ரோட் ஐலண்ட் டிசைன் கல்லூரியில் அவர் பேசக் கேட்ட ஒரு காவலாளி. அடுத்த வீட்டு குவாக்மயருக்கு 1950-களின் வானொலி அறிவிப்பாளர்கள். பிரையனைத் தவிர மற்ற மூன்றுமே காதில் வாங்கிய பேச்சு வழக்குகள் என்பதைக் கவனியுங்கள். எந்த எழுத்தை விழுங்குவது, எங்கே நிறுத்துவது, எந்த அசையை அழுத்துவது என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு ஆள் உருவாகிறார். ஸ்டூயி 'விப்' என்ற சொல்லை 'ஹ்விப்' என்று காற்றை ஊதி உச்சரிப்பதும், பிரையன் எரிச்சலோடு திருத்துவதும் தொடரின் புகழ்பெற்ற காட்சி. அந்த வாக்குவாதத்தின் இரண்டு பக்கமும் ஒரே வாய்!

குவாக்மயர் மாதிரியான குரலை மூக்கால் பேசுவது என்போம். அப்படித் தோன்றும் குரல்கள் பலவற்றில் மூக்குக்கு வேலையே இல்லை. உயிரெழுத்தை இழுக்கும்போது மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒலி மாறாவிட்டால் காற்று மூக்கு வழியாகப் போகவில்லை என்று அர்த்தம். குரல் நாண்களுக்குச் சற்று மேலே உள்ள இடம் குறுகும்போது 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியின் வலு கூடுகிறது. நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அந்தப் பகுதியில்தான். அதனால் அதிகம் கத்தாமலே குரல் கணீரென்று பாயும்.

இந்த வேலையில் மூளைக்கும் பெரும் பங்கு இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கேரலின் மெக்கெட்டிகன், சோஃபி ஸ்காட் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடியே வேறு ஆட்களின் குரலிலும் வட்டார வழக்கிலும் பேசச் சொல்லிச் சோதித்தார்கள். முடிவு 2013-இல் வெளிவந்தது. இயல்பாகப் பேசுவதோடு ஒப்பிட்டால், இன்னொருவராகப் பேசும்போது மூளையின் இடப்பக்கத்தில் இன்சுலா என்ற உட்புற மடிப்பின் முன்பகுதியும் முன்மடலின் கீழ்ப்பகுதியும் கூடுதலாக இயங்கின. கேட்பதற்கான பகுதிகளோடு சேர்ந்தே அவை வேலை செய்தன. நல்ல காது இல்லாமல் நல்ல மிமிக்ரி இல்லை என்று கலைஞர்கள் சொல்வதற்கு இது பொருந்தி வருகிறது.

1973-இல் கனெக்டிகட்டில் பிறந்த மெக்ஃபார்லேன் அடிப்படையில் ஓவியர். கல்லூரியின் இறுதித் திட்டமாக 1995-இல் ஒரு குறும்படம் செய்தார். ஒரு அசட்டு மனிதனும் பேசும் நாயும்தான் கதை. அது அவருக்கு ஹன்னா-பார்பெரா என்ற அனிமேஷன் நிறுவனத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது. பிறகு ஃபாக்ஸ் ஒரு மாதிரிப் படத்துக்கு 50,000 டாலர் கொடுத்தது. இந்தத் துறையில் அது மிகச் சிறிய தொகை. ஏறக்குறைய ஆறு மாதம் உட்கார்ந்து வரைந்தார், பேசினார். 1999 ஜனவரி 31 அன்று தொடர் வெளியானபோது அவருக்கு 25 வயது. 2002-இல் நிறுத்தப்பட்டது, மறு ஒளிபரப்பும் டிவிடி விற்பனையும் சேர்ந்து 2005-இல் அதை மீட்டன. அவருடைய இன்னொரு தொடரான 'அமெரிக்கன் டாட்' தொடங்கியதும் அந்த வருடம்தான்.

அனிமேஷனில் முதலில் குரல், பிறகுதான் படம். இது டப்பிங்குக்கு நேர் எதிர். நடிகர் பேசியதை ஒலி ஒலியாகப் பிரித்து, எந்தச் சட்டகத்தில் எந்த வாய் என்று குறித்து அட்டவணை போடுவார்கள். 'ப', 'ம' இரண்டுக்கும் மூடிய உதடு, 'ஓ'வுக்குக் குவிந்த உதடு என்று பத்துக்கும் குறைவான வாய் வடிவங்களே பெரும்பாலும் போதும். கண்ணுக்கு 'ப'வும் 'ம'வும் ஒன்றுதான், வித்தியாசத்தைக் காது நிரப்பிக்கொள்ளும். ஆக, நடிகர் அரை நொடி தயங்கினால் ஓவியமும் அரை நொடி தயங்கும். எழுதியவரே பேசுபவராகவும் இருப்பதன் பலன் இங்கேதான் தெரிகிறது என்பது என் எண்ணம். எந்த வரி எந்தத் தொண்டையில் எடுபடும் என்பது எழுதும்போதே அவருக்குக் கேட்டுவிடுகிறது.

குரல் நாண்கள் தசையும் சவ்வும் சேர்ந்தவை, தப்பாக இழுத்தால் வீங்கும். மெக்ஃபார்லேன் முறையாகப் பாட்டும் கற்றவர். புகழ்பெற்ற பாடகர் ஃபிராங்க் சினாட்ராவுக்குப் பயிற்சி கொடுத்த லீ, சாலி ஸ்வீட்லாண்ட் தம்பதியிடம் பயின்றார். 2011-இல் அவருடைய முதல் ஆல்பம் வந்தது. 2012-இல் வந்த 'டெட்' படத்தில், அசைவுகளைப் பதிவு செய்யும் உடையை மாட்டிக்கொண்டு, படத்தை இயக்கியபடியே, பொம்மைக் கரடியாகவும் படப்பிடிப்புத் தளத்தில் நேரடியாக நடித்தார். அதனால் எதிரே இருந்த நடிகர் மார்க் வால்பெர்க் ஏதாவது புதிதாகச் சொன்னால், கரடியால் அப்போதே பதில் சொல்ல முடிந்தது.