பெல்லி டான்ஸ்: இடுப்பை ஆட்டுவது முழங்கால்

எழுந்து நில்லுங்கள். இரண்டு பாதங்களும் தரையில் பதியட்டும், முழங்கால்கள் லேசாகத் தளரட்டும். இப்போது வலது முழங்காலை மட்டும் நிமிர்த்துங்கள். வலப்பக்க இடுப்பு ஏறும், இடப்பக்கம் இறங்கும். அடுத்து இடதை நிமிர்த்தி வலதைத் தளர்த்துங்கள். இதையே மாற்றி மாற்றி வேகமாகச் செய்தால் அதுதான் ‘ஷிம்மி’, பெல்லி டான்ஸின் உயிரான இடுப்புக் குலுக்கல். பெயரில்தான் வயிறு இருக்கிறது. இந்தக் குலுக்கலுக்குப் பாடுபடுவது தொடையும் முழங்காலும்.

சரி, இடுப்பெலும்பு இப்படிச் சாயும்போது அதன்மேல் நிற்கும் முதுகும் தோளும் ஏன் ஆடுவதில்லை? கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகள் எதிர்ப்பக்கமாக வளைந்து அந்தச் சாய்வை வாங்கிக்கொள்கின்றன. வயிற்றின் பக்கவாட்டுத் தசைகளும் கீழ்முதுகின் தசைகளும் அந்த வளைவை அளவோடு பிடித்து வைக்கின்றன. எகிப்தியக் கல்யாண ஊர்வலங்களில், எரியும் மெழுகுவத்திகள் கொண்ட ‘ஷமாதான்’ என்ற கிளைவிளக்கைத் தலையில் சுமந்தபடி ஆடும் பெண்கள் உண்டு. கீழே இடுப்பு துடிக்கும், மேலே சுடர் நிமிர்ந்து நிற்கும். இதைவிட அழகான இயற்பியல் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

வயிற்றுக்கே வேலை வருவது அலைபோல் உருளும் அசைவில். மார்புக்கூட்டின் கீழிருந்து அடிவயிறு வரை ஓடும் நேர்தசையின் குறுக்கே, வழக்கமாக மூன்று இடங்களில், நார்ப்பட்டைகள் உண்டு. ‘சிக்ஸ் பேக்’ கட்டம் கட்டமாகத் தெரிவது இவற்றால்தான். மேலே உள்ள கட்டத்துக்கும் கீழே உள்ள கட்டத்துக்கும் வேறு வேறு நரம்புகள் வருகின்றன. பழகாதவர் இழுத்தால் எல்லாம் ஒன்றாக இறுகும். பழகப் பழக மேல்பகுதியை முதலில் இறுக்கி, அப்புறம் கீழ்ப்பகுதியை இறுக்க முடிகிறது. அந்த வரிசைதான் நமக்கு அலையாகத் தெரிகிறது.

அரபியில் இந்த நடனத்துக்கு ‘ரக்ஸ் ஷர்கி’, அதாவது கிழக்கத்திய நடனம் என்று பெயர். வீட்டிலும் தெருவிலும் ஆடுவது ‘ரக்ஸ் பலதி’, மண்ணின் நடனம். இரண்டிலும் வயிறு என்ற சொல்லே கிடையாது. அதை ஒட்டவைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் அந்தப் பெயர் பரவிவிட்டது. ஒரு கலையின் பெயரையே வேடிக்கை பார்த்தவர்கள் தீர்மானித்தது எனக்கு வருத்தம்தான்.

சொந்த ஊரிலும் நிலைமை சுலபமாக இல்லை. தெருவில் ஆடிப் பிழைத்த கவாஸி பெண்களை 1834இல் எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷாவின் அரசு கெய்ரோவைவிட்டுத் தெற்கே எஸ்னா போன்ற ஊர்களுக்கு விரட்டியது. 1926இல் பதியா மசாப்னி என்ற நடனக்காரர் கெய்ரோவில் தன் கேளிக்கை அரங்கைத் திறந்தார். நின்ற இடத்திலேயே ஆடிய ஆட்டம் மேடை முழுக்க நகரத் தொடங்கியது, கைகளும் உயர்ந்தன. பின்னாளில் புகழ்பெற்ற நடனக்காரர்களான தஹியா கரியோகாவும் சாமியா கமாலும் வளர்ந்தது அங்கேதான்.

எல்லாவற்றையும் இழுத்துப் பிடிப்பது தர்புகா என்ற கோப்பை வடிவப் பறை. எகிப்தில் இதை ‘தப்லா’ என்பார்கள். நம் தபேலா வேறு. பழைய பறைகளுக்கு மண் உடல், மீன்தோல் முகம். நடுவில் அடித்தால் தோல் முழுக்க அதிர்ந்து ‘தும்’ என்று கனத்த ஒலி வரும். விளிம்பில் தட்டினால் ‘தெக்’ என்று கூர்மையாக வரும். ‘மக்ஸூம்’ தாளம் இப்படிப் போகும்: தும் தெக், தெக் தும், தெக். ஆடுபவர் பெரும்பாலும் ‘தும்’முக்கு இடுப்பை இறக்குவார், ‘தெக்’குக்குத் தூக்குவார். பறை மட்டும் ஒலிக்கும் தனிச்சுற்றில் வாசிப்பவர் அவருடைய இடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார், அடுத்த அடி எங்கே விழ வேண்டும் என்று.