யோஃபெங்: சீன மருத்துவத்தின் ‘எண்ணெய்க் காற்று’க்குத் தமிழ் என்ன?

தலையில் நாணய அளவுக்கு வட்டமாக முடி கொட்டி, அந்த இடத்துத் தோல் வழவழவென்று ஆகிவிடும் நோய்க்குச் சீன மரபு மருத்துவத்தில் ‘யோஃபெங்’ என்று பெயர். ‘யோ’ என்றால் எண்ணெய்; ‘ஃபெங்’ என்றால் காற்று. இதை ‘எண்ணெய் வாதம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ் வாசகருக்கு நோய் இன்னதென்று தெரியாது; ‘முடி உதிர்தல்’ என்று பொதுப்படையாக எழுதினாலோ, சீன மருத்துவர்கள் கவனமாகப் பிரித்து வைத்த பல நோய்கள் ஒன்றாகக் கலந்துபோகும். ஆகவே இச்சொல் எங்கிருந்து வந்தது, அதற்குள் என்ன நோய்க்காரணம் அடங்கியிருக்கிறது என்று பார்த்த பிறகே தமிழ்ச்சொல்லுக்கு வரவேண்டும்.

மிங் அரசர் காலத்து அறுவை மருத்துவரான சென் ஷிகோங் 1617இல் வெளியிட்ட ‘வாய்கே செங்சோங்’ என்ற நூலில் யோஃபெங்கின் இலக்கணம் தெளிவாகக் கிடைக்கிறது. குருதி குறைந்து, அது உயிர்மூச்சாகிய ‘சீ’யோடு சேர்ந்து சென்று தோலை வளர்க்க முடியாமல் போவதால் மயிர்க்கால்கள் வெறுமையாகி, முடி திட்டுத்திட்டாக உதிர்கிறது, தோல் பளபளக்கிறது, புழு ஊர்வதுபோல் அரிக்கிறது, காற்றும் வெப்பமும் அந்தக் குறைவைப் பயன்படுத்தி உள்ளே தாக்குவதே இதற்கெல்லாம் காரணம் என்கிறார் அவர். பெயரில் உள்ள ‘எண்ணெய்’ இந்தப் பளபளப்பைக் குறிப்பதாகக் கொள்வதே பொருத்தம். எண்ணெய் வழியும் தலை என்று கொண்டால் பொருள் மாறிவிடும், ஏனெனில் நூல்கள் இந்நோயில் முடி வறண்டு கருகுவதாகவே சொல்கின்றன.

‘காற்று’தான் கடினமான பகுதி. சீன மருத்துவத்தின் மூலநூலாகிய ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ காற்றை எல்லா நோய்களுக்கும் தலைமை என்று சொல்கிறது. அது ஓரிடத்தில் நில்லாமல் ஓடும், அடிக்கடி உருமாறும், உடலின் மேற்பகுதியையே முதலில் தாக்கும் என்றும் கூறுகிறது. முன்னறிவிப்பின்றித் தோன்றி, இன்று இங்கும் நாளை அங்குமாகத் தலையில் வட்டமிடும் ஒரு நோய்க்கு இதைவிடப் பொருத்தமான காரணத்தை அந்த மருத்துவர்களால் கண்டிருக்க முடியாது. ஆனால் இதைத் தமிழில் ‘வாதம்’ என்று பெயர்ப்பது பிழை. வாதம், அதாவது குறள் ‘வளி’ என்று சொல்வது, உடலுக்குள்ளேயே இருந்து அதை இயக்குகிற மூன்றில் ஒன்று. மிகுந்தாலோ குறைந்தாலோதான் அது நோய் செய்யும். யோஃபெங்கில் வரும் ஃபெங், திறந்த மயிர்த்துளை வழியாக வெளியிலிருந்து புகுகிற பகை. ‘காற்று’ என்ற எளிய சொல்லே இங்கே போதும். நம் ஊரிலும் ‘காற்றுப் பட்டுவிட்டது’ என்ற வழக்கு உண்டே.

நோய்க்கு இதைவிடப் பழைய பெயர்கள் உண்டு. சுய் அரசர் காலத்தில், 610ஆம் ஆண்டில், சாவ் யுவான்ஃபாங் தொகுத்த நோய்க்காரண நூல் இதற்குக் ‘குவெய் ஷீ தோ’ என்று தலைப்பிட்டு, சில வரிகளில் முடித்துவிடுகிறது: தலையில் காற்று தங்கி, ஓரிடம் மட்டும் வலுவிழந்தால் அங்கே முடி கொட்டும், திட்டு காசளவு இருக்கலாம், விரலளவு இருக்கலாம், முடி முளைக்காது, அரிப்பும் இராது, அதனால் இதைப் ‘பேய் நக்கிய தலை’ என்பர். பின்னர் சியான்லோங் பேரரசரின் ஆணைப்படி வூ சியான் தலைமையில் தொகுக்கப்பட்டு 1742இல் வெளிவந்த ‘யீசோங் ஜின்ஜியான்’, யோஃபெங்கை விளக்கிவிட்டு, அதன் மக்கள் வழக்கைக் ‘குவெய் தீ தோ’ என்று தருகிறது. நக்கிய பேய் இப்போது சவரக்கத்தியை எடுத்துக்கொண்டுவிட்டது. ‘பேய் மழித்த தலை’ என்பது பொருள். இரவில் படுத்தவர் காலையில் தலையணையில் கற்றையாக முடியைக் காண்பதையும், வலியோ காயமோ இல்லாமல் மழித்தாற்போல் வட்டம் விழுந்திருப்பதையும் இந்தப் பெயர் நன்றாகவே பிடித்திருக்கிறது. சீனர்கள் பேச்சுவழக்கில் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இக்கால மருத்துவ நூல்களில் வழங்கும் ‘பான் தூ’ என்பது ‘திட்டு வழுக்கை’ என்று மட்டுமே பொருள்படும் நிறமற்ற கலைச்சொல்.

கிரேக்கர் நரியைச் சுட்டினர்: மேலை மருத்துவத்தின் ‘அலோபீசியா’ என்ற சொல், சொறி பிடித்து முடி கொட்டும் நரியிலிருந்து வந்தது. தமிழில் குற்றவாளி புழு. இலையைப் புழு கத்தரித்தாற்போல் தலையில் வட்டம் விழுவதால் ‘புழுவெட்டு’ என்கிறோம். பேய், நரி, புழு என்று கற்பனை மூன்று திசையில் போனாலும் கண்ட நோய் ஒன்றே என்பதால், யோஃபெங்குக்கும் குவெய் தீ தோவுக்கும் சரியான தமிழ் புழுவெட்டுதான். புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவையே இல்லை. சீனப் பெயரின் சுவையைக் காட்ட வேண்டிய இடத்தில் ‘பேய் மழித்த தலை’ என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் புழுவெட்டுக்குத் திரும்பலாம். இதில் வேடிக்கையான ஒரு நெருக்கமும் உண்டு. ‘ஃபெங்’ என்பதற்கான சீன எழுத்தின் உள்ளே பூச்சியைக் குறிக்கும் எழுத்து இருக்கிறது, கி.பி. 100 அளவில் முடிக்கப்பெற்ற ‘ஷுவோவென்’ அகராதி, காற்று அசைந்தால் பூச்சிகள் பிறக்கும் என்று அதற்குக் காரணம் சொல்கிறது. எலும்பில் பொறித்த மிகப் பழைய சீன எழுத்துகளில் காற்றைக் குறிக்கப் பறவை வடிவமே வருவதால், அகராதியின் விளக்கத்தை எழுத்தின் உண்மையான வரலாறாகக் கொள்ள முடியாது. அதைக்கொண்டு தமிழ்ப் புழுவுக்கும் சீனக் காற்றுக்கும் உறவு கற்பிப்பதும் வீண்வேலை.

மொழிபெயர்ப்பாளர் வழுக்கி விழக்கூடிய இடம் வேறொன்று. ‘சூ ஃபா சுவான்’ என்றொரு சீனச்சொல் இருக்கிறது. ‘சூ’ என்றால் புழு அரித்தல், ‘ஃபா’ என்றால் தலைமுடி. சொல்லைப் பார்த்ததும் ‘புழுவெட்டு’ என்று எழுதத் தோன்றும். ஆனால் அச்சொல் குறிப்பது, தலைத்தோலில் எண்ணெய்ப் பசை மிகுந்து நெற்றியிலும் உச்சியிலும் முடி மெல்ல மெலிந்து ஏறிக்கொண்டே போகும் வழுக்கையை. அதாவது புழு பெயரில் உள்ள நோய் நமக்கு வழுக்கை. எண்ணெய் பெயரில் உள்ள நோய் நமக்குப் புழுவெட்டு. இரண்டையும் உள்ளடக்கிய பொதுச்சொல் ‘துவோ ஃபா’. அதற்கு மட்டும் ‘முடி உதிர்தல்’ என்று எழுதலாம்.

இனி, குருதி குறைவதற்கும் முடி கொட்டுவதற்கும் என்ன தொடர்பு? முடியைச் ‘சுயே யூ’, அதாவது குருதியின் மிச்சம், என்று சீன மருத்துவம் அழைக்கிறது. உடலுக்கு வேண்டியது போக எஞ்சிய குருதியே முடியாக முளைக்கிறது என்ற கருத்தின்படி, குருதிக்குத் தட்டுப்பாடு வந்தால் முதலில் நிறுத்தப்படும் செலவு முடிதான். பேறுகாலத்துக்குப் பின்னும் நெடுங்காய்ச்சலுக்குப் பின்னும் முடி கொட்டுவதை இக்கருத்து எளிதாக விளக்கிவிடுகிறது. (மனித முடியையே கருக்கிப் பொடியாக்கிக் குருதிப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் மருந்துக்குச் ‘சுயே யூ தான்’ என்று பெயர், ‘தான்’ என்றால் கரி. இதைக் ‘குருதிக்கரி’ என்று பெயர்த்தால் கேட்பவர் வேறெதையோ நினைப்பார். ‘கருக்கிய முடி’ என்பதே நேர்மையான பெயர்.)

குருதிக்கு அடுத்தபடியாக முடியோடு தொடர்புள்ளது ‘ஷென்’, அதாவது சிறுநீரகம். முடி ஷென்னின் மலர்ச்சி என்று நெய்ஜிங் சொல்கிறது. அந்நூலின் முதல் இயலே பெண்ணின் வாழ்வை ஏழேழு ஆண்டுகளாகவும் ஆணின் வாழ்வை எட்டெட்டு ஆண்டுகளாகவும் பகுத்து, ஒவ்வொரு படியிலும் முடியைக் காலக்கணக்குக் கருவிபோல வாசிக்கிறது. பெண்ணுக்கு 7 வயதில் பல் மாறி முடி நீள்கிறது, 28இல் முடி தன் உச்சத்தை எட்டுகிறது, 35இல் உதிரத் தொடங்குகிறது, 42இல் நரைக்கிறது. ஆணுக்கு 40இல் ஷென் தளர்ந்து முடி உதிர்கிறது, 48இல் காதோரம் நரை எட்டிப்பார்க்கிறது. உணவும் இக்கணக்கில் சேரும். இனிப்பை மிகுதியாக உண்டால் எலும்பு வலித்து முடி கொட்டும் என்கிறது அதே நூல். இனிப்பு மண்ணைச் சேர்ந்தது, ஷென் நீரைச் சேர்ந்தது, மண் நீரை அடக்கும் என்பது அதன் பின்னுள்ள ஐம்பூதக் கணக்கு. அந்த ஐந்து நம் ஐம்பூதங்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பவை அவை.

ஷென்னைச் ‘சிறுநீரகம்’ என்று பெயர்ப்பது உறுப்பின் பெயரளவில் சரி. ஆயினும் சீன மருத்துவர் ஒருவர் ‘ஷென் சியூ’ என்று சொன்னதை ‘சிறுநீரகக் கோளாறு’ என்று எழுதிவிட்டால், முடி கொட்டுகிறதே என்று போனவர் கிரியாட்டினின் பரிசோதனைக்கு ஓடுவார். ஷென் என்பது பெற்றோரிடமிருந்து வந்த ‘ஜிங்’ என்ற பிறவிச்சாரம் தங்கும் இடம். வளர்ச்சி, மகப்பேறு, எலும்பு, முதுமை எல்லாம் அதன் பொறுப்பு. எனவே ‘ஷென் சியூ’வைப் ‘பிறவிச்சாரத் தளர்ச்சி’ என்று எழுதலாம், அல்லது ஷென் என்றே நிறுத்தி விளக்கலாம். ‘சுயே சியூ’வுக்கும் இதே எச்சரிக்கை தேவை: அது ‘குருதிக் குறைவு’தான், ஹீமோகுளோபின் அளந்து சொல்லும் இரத்தசோகை அன்று. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம்.

மருத்துவமும் பெயரைப் பின்தொடர்ந்தே செல்கிறது. காற்றை விரட்டவும் குருதியை நிரப்பவும் வேண்டும் என்பதால், யோஃபெங்குக்குச் சென் ஷிகோங்கும் வூ சியானும் உள்ளுக்குச் சொன்னது ‘ஷென்யிங் யாங்சென் தான்’ என்ற மாத்திரை. டாங் குவெய் வேர், பக்குவப்படுத்திய ரெமானியா கிழங்கு போன்ற குருதி வளர்ப்பிகளோடு காற்றை அகற்றும் வேர்களைச் சேர்த்துச் செய்தது அது. வெளிக்கு மாசிபத்திரி இனத்துத் தழை, செவ்வந்திப்பூ, புதினா, சடாமாஞ்சில், நொச்சி இனத்துப் பழம் முதலியவற்றைக் கொதிக்கவைத்து ஆவி பிடித்து, சூடு ஆறியபின் துணியால் நனைத்துக் கழுவச் சொன்னார்கள். கழுவும்போது காற்றுப்படாமல் இருக்க வேண்டும் என்பது தவறாத பின்குறிப்பு. நோய் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் பளபளக்கும் இடத்தில் ஊசியால் குத்திக் கருஞ்சிவப்புக் குருதியை வெளியேற்றச் சொல்கிறது 1742ஆம் ஆண்டு நூல். இன்றைய சீன மருத்துவமனைகளில் அதன் வழித்தோன்றலாக நிற்பது ‘மெய்ஹுவா ஊசி’. சிறு சுத்தியலின் தலையில் பூவிதழ்போல் அமைந்த நுண்ணூசிகளால், தோல் சிவக்கும்வரை திட்டின்மேல் மெல்லத் தட்டுவார்கள்.

இந்த ஒழுங்கை உடைத்தவர் வாங் சிங்ரென் என்ற மருத்துவர். 1830இல் வெளிவந்த தம் ‘யீலின் காய்சுவோ’வில், காய்ச்சலுக்குப் பின் முடி கொட்டினால் எல்லா நூல்களும் குருதி கெட்டது என்கின்றன, தோலுக்கும் தசைக்கும் இடையில் குருதி தேங்கிப் பாதையை அடைத்திருப்பதை அறியவில்லை என்று சாடுகிறார். புதுக்குருதி வந்துசேர வழியில்லாதபோது, குருதியைப் பெருக்கி என்ன பயன் என்பது அவர் கேள்வி. அவருடைய கஷாயத்தில் பீச் விதைப் பருப்பு, குசும்பப்பூ, இஞ்சி, வெங்காயத்தாள், சிவப்பு இலந்தை, கஸ்தூரி முதலியவை அரிசிமதுவில் வேகும். மூன்று வேளை மருந்தில் உதிர்வது நிற்கும், பத்தில் புதுமுடி நிச்சயம் முளைக்கும் என்று அடித்துச் சொன்னார். இன்றைய சீனப் பாடநூல்கள் பழையவரையும் இவரையும் சமரசம் செய்து, யோஃபெங்கை வெப்பமும் வறட்சியும், தேக்கம், குருதிக் குறைவு, ஷென் தளர்ச்சி என நான்கு வகையாக்கி, வகைக்கொரு மருந்து வைத்திருக்கின்றன.

வாங் சிங்ரெனின் உறுதியை நான் அப்படியே ஏற்கத் தயங்குவேன். காய்ச்சலுக்குப் பின் கொட்டும் முடி சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். புழுவெட்டின் சிறிய திட்டுகளும் பலருக்கு ஓராண்டுக்குள் மருந்தின்றியே மூடிக்கொள்ளும். தானாக ஆறும் நோயில் கடைசியாகப் பூசிய மருந்துக்கே புகழ் போகும். புழுவெட்டு, உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே மயிர்க்கால்களைத் தாக்குவதால் வருவது என்பது இன்றைய மருத்துவத்தின் முடிவு. திட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கமான சிகிச்சை, கடுமையான நிலைக்குப் பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்க மருந்துத் துறை 2022இல் ஒப்புதல் தந்தது. குழந்தையின் தலைத்திட்டில் செதில் இருந்தால் அது பூஞ்சைப் படர்தாமரையாக இருக்கலாம். அங்கே யோஃபெங்கும் பொருந்தாது, புழுவெட்டும் பொருந்தாது.

முடி என்றதும் எல்லோர் வாயிலும் வரும் ‘ஹெ ஷோ வூ’வையும் விளக்காமல் விட முடியாது. ‘ஷோ’ தலை, ‘வூ’ கருமை. ‘ஹெ’ ஒரு குடும்பப்பெயர். தாங் காலத்து எழுத்தாளர் லி ஆவ் சொன்ன கதையில், இரவில் இரு கொடிகள் தாமே பின்னிக்கொள்வதைக் கண்ட ஹெ நெங்சி என்பவர் அவற்றின் கிழங்கை உண்டு, 58 வயதுக்கு மேல் பிள்ளை பெறுகிறார். பேரன் 130 வயதிலும் கருந்தலையோடு வாழ்ந்ததால், அவன் பெயரே கிழங்கின் பெயராயிற்று. மிங் பேரரசர் ஜியாஜிங் இக்கிழங்கு சேர்ந்த ‘அழகுத்தாடி’ மாத்திரையை உண்டு வரிசையாக மக்களைப் பெற்ற பிறகே இது நாடெங்கும் பரவியது என்று லி ஷிசென் தம் மருந்துநூலில் குறிக்கிறார். தமிழில் இதற்குப் பெயர் கிடையாது. நம் மூலிகை எதன் பெயரையும் இதற்கு ஒட்டாமல் ஒலிபெயர்த்து எழுதுவதே பாதுகாப்பு. பச்சைக் கிழங்குக்கு ‘ஷெங் ஷோ வூ’, கறுப்பு அவரைச் சாற்றில் வேகவைத்துப் பக்குவப்படுத்தியதற்கு ‘சீ ஷோ வூ’ என்று தனிப்பெயர்கள் உள்ளன. முன்னது மலமிளக்கி, பின்னதுதான் முடிக்கென்று கொடுப்பது. இரண்டினாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. பிரிட்டன் 2006இலும் சீன அரசே 2014இலும் இதுபற்றி எச்சரித்திருக்கின்றன. பொட்டலத்தில் ‘ஷோ வூ’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் எந்தக் கிழங்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும், கல்லீரல் நோய் உள்ளவர்கள் அதைத் தொடாமலே இருப்பதும் நல்லது.