மஜோலிகா: ஒரே பெயரில் இரண்டு சரக்கு

பழைய அலங்கார ஜக் ஒன்றின் சீட்டில் 'மஜோலிகா' என்று எழுதியிருந்தால் விலை உடனே ஒரு படி ஏறிவிடும். ஆனால் அந்தப் பெயருக்குள் இரண்டு வேறு வேறு சரக்குகள் இருக்கின்றன. எது எது என்று தெரியாமல் விலை பேசக் கூடாது. கறாராகச் சொன்னால் இரண்டுமே பீங்கான் அல்ல, சுட்ட மண்ணில் மெருகு, அதாவது கண்ணாடி போன்ற பூச்சு, ஏற்றியவை.

முதலாவது, இத்தாலியின் மயோலிகா. அது ஊர்ப்பெயர். 15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் வலென்சியா பக்கம், முஸ்லிம் குயவர்களின் மரபில் செய்த பொன்மினுக்குப் பாத்திரங்கள் மயோர்கா தீவு வழியாகக் கப்பலேறி இத்தாலிக்குப் போயின. அந்தத் தீவை இத்தாலியர்கள் மயோலிகா என்றார்கள்; சரக்குக்கும் அதே பெயர் ஆயிற்று. ஸ்பெயினின் மலாகா நகரத்தின் பெயரே இப்படித் திரிந்தது என்பவர்களும் உண்டு. அப்புறம் இத்தாலியின் ஃபயென்சா, டெருட்டா, உர்பினோ ஊர்க் குயவர்கள் தாங்களே செய்யத் தொடங்க, பெயர் அங்கேயே தங்கிவிட்டது. அவர்களுடைய மெருகில் வெள்ளீய ஆக்சைடு கலந்திருக்கும். அதனால் செம்மண் நிறம் மறைந்து பால் வெள்ளையாக ஒரு பரப்பு கிடைக்கும். சூளையில் வைப்பதற்கு முன், காயாத சுவரில் வரைவது போல அந்த வெள்ளையின் மேல் வரைவார்கள். நிறத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும், அழித்து வரைய வழியில்லை.

இரண்டாவது, இங்கிலாந்தின் மஜோலிகா. ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் இருந்த மின்டன் நிறுவனத்தில் கலைப் பொறுப்பேற்ற பிரெஞ்சுக்காரர் லியோன் ஆர்னூ நிறமேற்றிய காரீய மெருகுகளை உருவாக்கினார். 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் அவை எல்லோர் கண்ணிலும் பட்டன. 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குயவர் பலிசியின் நினைவாக நிறுவனம் இவற்றைப் 'பலிசி' சரக்கு என்றது. தான் செய்த வெள்ளீய மெருகு வகையைத்தான் மஜோலிகா என்றது. வாங்கியவர்கள் இரண்டையும் மஜோலிகா என்றே சொன்னார்கள், அதுவே நிலைத்தது. இன்று ஏலக்கூடங்களில் இந்தப் பெயரில் வரும் ஜக்குகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

இந்த இரண்டாம் வகையை அடையாளம் காண ஜக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலை, சிப்பி, மீன், மக்காச்சோளம் என்று உருவம் புடைத்திருக்கும். மெருகு பள்ளங்களில் தேங்கி அடர்ந்தும், மேட்டில் மெலிந்து வெளிறியும் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தி என்றால் எனக்குச் சந்தேகம்தான். உள்பக்கம் பளிச்சென்ற நீலப்பச்சையோ இளஞ்சிவப்போ பூசியிருப்பார்கள். கைப்பிடி சேரும் இடத்தில் உள்ளே துளை தெரிந்தால், உடம்பும் பிடியும் ஒரே அச்சில் வார்த்த பிற்காலப் பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு கவிழ்த்துப் பாருங்கள். மின்டன் பெயர் களிமண்ணிலேயே அழுத்திப் பதிந்திருக்கும். 1873 வாக்கில் பெயரின் கடைசியில் 'ஸ்' சேர்ந்து 'மின்டன்ஸ்' ஆனது. பிரிட்டனின் வடிவமைப்புப் பதிவைக் காட்டும் சாய்சதுர முத்திரை இருந்தால் அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால், இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைக் கேட்ட அமெரிக்கச் சுங்கச் சட்டத்தால் 1891 முதல் வழக்கமான குறி அது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ்வில் ஊரில் செய்த 'எட்ருஸ்கன்' மஜோலிகாவின் சிப்பி-கடற்பாசி ஜக்குகளுக்கும் தனிக் கிராக்கி உண்டு. முத்திரையே இல்லாத நல்ல ஜக்குகளும் ஏராளம், அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம்.

விலையை முடிவு செய்வது செய்தவர் யார், வடிவம் எவ்வளவு அரிது, வண்ணம் எவ்வளவு துல்லியம் என்பவை. மெருகில் ஓடும் மெல்லிய வலைக்கோடுகள் வயதால் வருபவை, பயப்பட வேண்டாம். மூக்கு நுனியில் சில்லு, பிடியில் ஒட்டு என்றால் விலை சரியும். விரலால் சுண்டினால் மந்தமாக ஒலிக்கும் ஜக்கில் எங்கோ விரிசல் இருக்கலாம். பழுதுபார்த்துப் பூசிய இடம் புறஊதா விளக்கில் பெரும்பாலும் தனியாகத் தெரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஊர்ப்பெயரில் பிறந்த சொல்லை மொழிபெயர்க்க முடியாது. இத்தாலியச் சரக்கை மயோலிகா என்றும் ஆங்கிலேயச் சரக்கை மஜோலிகா என்றும் எழுதலாம். விளக்கமாகச் சொல்ல 'வெள்ளீய மெருகு', 'காரீய மெருகு' என்ற பெயர்களே எனக்குப் பிடித்தவை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், நஞ்சான ஈயம் காரீயம் என்று நம்மிடம் ஏற்கெனவே பிரிவு இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் பதித்த புடைப்புப் பூ ஓடுகளையும் மஜோலிகா என்கிறார்கள். அவை இரண்டாம் வகையின் வழிவந்தவை.

ஜக்குக்கு கூஜா, ஜாடி, கெண்டி எதுவும் பொருந்தாது. கூஜாவுக்கு மூடி உண்டு, ஜாடிக்கு ஊற்றும் மூக்கில்லை, கெண்டிக்குத் தனிக்குழாய். 'மூக்குக் குவளை' என்றால் புரியும். பேச்சில் ஜக் போதும். காரீய மெருகு ஜக்கில் மட்டும் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பை ஊற்றாதீர்கள், ஈயம் கரைந்து இறங்கும்.